பூந்தொட்டிக்குள் ஒரு துள்ளல்

விடுமுறை நாள்களில் சுங்கை பூலோவின் செடிக்கடைகளுக்குப் பலர் சென்று வருவர். 1930-இல் அங்கு அமைந்த தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தோர் வளர்த்தெடுத்த பூச்செடித் தொழில், இன்று அவ்வட்டாரத்தின் அடையாளமாகவே விளங்குகிறது. அங்கிருந்து வாங்கி வந்த தொட்டியில் நீர் ஊற்றும்போது, மண்ணின்மேல் வெண்புள்ளிகள் துள்ளுவதைக் கண்டதுண்டா? தெள்ளுப்பூச்சி என்றெண்ணிப் பூச்சிக்கொல்லியைத் தேடுவோர் பலர். சற்றுப் பொறுங்கள்.

அவை ஸ்பிரிங்டெயில்கள். பெரும்பாலானவை ஓரிரு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஆறு கால்கள் இருந்தாலும், வாயுறுப்புகள் தலைக்குள் மறைந்திருப்பதால், அறிவியலாளர்கள் இன்று இவற்றைப் பூச்சிகளிலிருந்து பிரித்துத் தனி வகுப்பில் வைக்கின்றனர்.

இவற்றின் வயிற்றடியில், உண்டிவில்லின் கவையைப் போலப் பிளந்த உறுப்பு ஒன்று மடங்கிக் கிடக்கும். அதனைச் சிறு கொக்கி ஒன்று இறுகப் பிடித்திருக்கும். ஆபத்தை உணர்ந்ததும் கொக்கி விடுபடும். கவை தரையை ஓங்கி அறையும். மறுகணமே ஸ்பிரிங்டெயில் காற்றில் எறியப்படும். எலிப்பொறியின் கம்பி விடுபடுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மண்ணின் ஆழத்தில் வாழும் சில வகைகளுக்குக் கவையே இல்லை. நெருக்கமான மண் இடுக்கில் எங்கே துள்ளுவது?

இதை நீங்களே பார்க்கலாம். தொட்டி மண்ணில் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் இட்டு, மெதுவாக நீர் ஊற்றுங்கள். இவற்றின் தோலில் நீர் ஒட்டாது. அதனால் மேலே மிதந்து வரும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், அவை அமைதியாக ஊர்வது தெரியும். தூரிகை நுனியால் மெல்லத் தொட்டால்தான் துள்ளும். துள்ளல் தப்பிப்பதற்கே, நடமாட்டத்திற்குக் கால்கள் போதும். பார்த்து முடித்ததும் நீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கைப்பேசியில் படம் பிடித்தால் ஏமாற்றமே மிஞ்சும். விநாடிக்கு 240 படங்கள் எடுத்தாலும், ஒரு படத்தில் இருக்கும். அடுத்த படத்தில் இருக்காது. அமெரிக்க ஆய்வாளர் அட்ரியன் ஸ்மித், விநாடிக்கு 40,000 படங்கள் எடுக்கும் கருவியால் உருண்டை வடிவ வகை ஒன்றைப் படம்பிடித்தார். அது விநாடிக்கு 368 சுற்று வேகம்வரை பின்புறமாகக் கரணமடிப்பதை 2024-இல் வெளியிட்டார்.

சரி, செடிக்குக் கேடு உண்டா? இவற்றின் முக்கிய உணவு பூஞ்சையும் மட்கிய இலையும்தான். உண்டு கழித்தவை மண்ணுக்கே உரமாகின்றன. தொட்டியில் இவை மிகுதியாகத் தென்பட்டால், பெரும்பாலும் நாம்தான் அளவுக்கு மீறி நீர் ஊற்றியிருப்போம். மேல்மண் காய்ந்த பிறகு நீர் ஊற்றினால், அவை தாமே குறைந்துவிடும்.