கண்டறிவது வேறு, காப்பாற்றுவது வேறு

நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறித்துத் தரும்படி வருவோரிடம் நாம் காரணம் கேட்பது வழக்கம். வைப்பை முறிக்காமலே அதன்மீது கடன் பெறும் வழி இருப்பதை எடுத்துச் சொல்லவே அவ்வாறு கேட்கிறோம். மகளின் திருமணம், வீட்டு மனை, கல்லூரிக் கட்டணம் எனப் பதில்கள் பலவாறாக இருக்கும். சில பதில்களுக்கு நம்மிடம் மறுமொழி இருப்பதில்லை.

இருபது ஆண்டுகளாகப் புகையிலை போடும் பழக்கமுடைய வாடிக்கையாளர் ஒருவர், மூன்று மாதமாக ஆறாத வாய்ப்புண்ணுக்கு அறுவை சிகிச்சை நாள் குறித்தாகிவிட்டது என்று சொல்லி வைப்பு ரசீதை நீட்டினார். கையெழுத்துக்கு இடம் காட்டிய வேளையில், உடன் வந்திருந்த அவருடைய மனைவி கேட்டார்: "முன்னாடியே ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா தப்பிச்சிருக்கலாமா சார்?"

அந்தக் கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. பின்னர் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் தள்ளுபடி விலையில் விற்கப்படும் இந்நாளில், எந்தச் சோதனை உயிரைக் காக்கிறது, எது கவலையை மட்டும் கூட்டுகிறது என்று அறிவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையாகிறது.

தேதியை முன்னே தள்ளினால் போதுமா?

நோயின் அறிகுறி எதுவுமில்லாதவரிடம் நோயைத் தேடுவதே ஸ்கிரீனிங் எனப்படும் முன்கண்டறிதல். சீக்கிரம் கண்டால் நீண்ட நாள் வாழலாம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் கணக்குப் படித்தவர்கள் இதில் ஒரு பிழையை எளிதில் காண்பார்கள். வைப்பின் தொடக்கத் தேதியை மூன்றாண்டு முன்னே தள்ளி எழுதினால் அதன் காலம் நீண்டதாகத் தோன்றும். முதிர்வுத் தேதியோ மாறியிருக்காது. அதுபோலவே, நோயை மூன்றாண்டு முன்னதாகக் கண்டறிந்தும் முடிவு மாறாவிட்டால், நோயோடு வாழ்ந்த காலம்தான் நீண்டிருக்கும், ஆயுள் நீண்டிராது.

ஆகவே மருத்துவ ஆய்வாளர்கள் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். ஒத்த நிலையிலுள்ள மக்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சோதனை செய்து, மற்றதை வழக்கமான நிலையில் விட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து, எந்தப் பிரிவில் அந்நோயால் இறந்தோர் குறைவு என்று எண்ணுகின்றனர். எத்தனை நோயைக் கண்டறிந்தோம் என்பது அன்றாடப் பேரேட்டுப் பதிவு. எத்தனை உயிர் தப்பியது என்பதே ஆண்டிறுதி ஐந்தொகை.

வெளிச்சமும் வினிகரும்

இந்த ஐந்தொகையில் தேறிய சோதனைகளுள் சில நம் நாட்டிலேயே சரிபார்க்கப்பட்டவை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் 1996-இல் வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது. பயிற்சி பெற்ற, மருத்துவரல்லாத பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை நல்ல வெளிச்சத்தில் பார்த்தனர். வெண்படலம், சிவந்த திட்டு, ஆறாத புண் ஆகியவை கண்டால் மருத்துவரிடம் அனுப்பினர். பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 24 விழுக்காடு குறைந்திருந்தது. அப்பழக்கங்கள் இல்லாதவர்களிடம் அத்தகைய பயன் தென்படவில்லை. யாருக்குச் சோதனை தேவை என்பதும் ஆய்வின் விடையில் அடக்கம்.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998-இல் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், பழுதடைந்த திசு ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி அளித்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை இச்சோதனை செய்யப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் இக்குறைவு 35 விழுக்காடாக இருந்தது.

மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்ட ஆய்விலோ வினிகர்ச் சோதனையால் உறுதியான குறைவு காணப்படவில்லை. ஆனால் எச்.பி.வி. கிருமியைத் தேடும் சோதனையை ஒரே ஒரு முறை செய்த பிரிவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகியது. 2009-இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் எச்.பி.வி. சோதனைக்கு முதலிடம் கிடைக்கப் பெரிதும் உதவியது.

அறுவை மேசையில் எழுந்த வினா

கண்டறிந்தபின் செய்யும் சிகிச்சை சரியாக அமையாவிட்டால் முன்கண்டறிதல் வீண். வாய்ப் புற்றுநோயைத் தொடக்க நிலையில் வெட்டி எடுக்கும்போது, கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் உடனே அகற்றுவதா, நோய் அங்கே பரவிய பிறகு அகற்றினால் போதுமா என்று அறுவை மருத்துவர்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. டாடா நினைவு மருத்துவமனை இதையும் குலுக்கல் முறையிலேயே ஆராய்ந்து 2015-இல் விடை தந்தது. முடிச்சுகளை உடனே அகற்றியவர்களில் 80 விழுக்காட்டினரும், காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காட்டினரும் மூன்றாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். புதிய கருவி, புதிய மருந்து எதுவுமின்றி, அறுவையைச் செய்யும் வேளையை மாற்றியதாலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்தனர்.

மிகுதியாகக் கண்டறிந்ததன் விலை

பேரேட்டின் மறுபக்கத்தையும் காண்போம். தென்கொரியாவில் 1999-இல் அரசின் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் தொடங்கியபோது, தைராய்டு ஸ்கேன் அதில் இடம்பெறவில்லை. எனினும் சிறு கூடுதல் கட்டணத்துக்கு மருத்துவமனைகள் அதையும் சேர்த்துச் செய்தன. விளைவாக, 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் விகிதம் மட்டும் மாறவேயில்லை. ஆயுள் முழுதும் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய நுண்கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து, வாழ்நாள் மாத்திரைக்கு ஆளாயினர். சிலருக்குக் குரல்நாணும் பாதிக்கப்பட்டது. 2014-இல் மருத்துவர்கள் சிலரே முன்வந்து எச்சரித்த பின்னர் அவ்வறுவைகள் வெகுவாகக் குறைந்தன.

உணரிக் கருவிகளுக்கும் இதே உரைகல் பொருந்தும். கைக்கடிகாரம் இன்று நாடித் துடிப்பைக் கண்காணித்து, துடிப்பு ஒழுங்கு தவறினால் எச்சரிக்கிறது. அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2019-இல் வெளியான ஆப்பிள் கடிகார ஆய்வில், எச்சரிக்கை பெற்று, மார்பில் ஒட்டும் பதிவுக் கருவியை அணிந்து திருப்பித் தந்தவர்களில் 34 விழுக்காட்டினரிடமே ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு பதிவாயிற்று. அது விட்டுவிட்டு வரும் கோளாறாதலால் மற்றவர்களுக்கு அது இல்லை என்று முடிவு கட்டவும் இயலாது. கடிகாரத்தின் எச்சரிக்கை மருத்துவரை நாடத் தக்க காரணம். அதுவே நோய்முடிவு ஆகாது.

டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுள்ள சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஆழமானது. நான்கில் ஒரு பங்கினருக்குத் தோலடியில் சிறு பதிவுக் கருவி பொருத்தினர். வழக்கமான கவனிப்பில் இருந்தோரில் நூற்றுக்கு 12 பேரிடம் அறியப்பட்ட அதே கோளாறு, கருவி பொருத்தியோரில் நூற்றுக்கு 32 பேரிடம் அறியப்பட்டு, அவர்களுட் பெரும்பாலோருக்கு மருந்தும் தரப்பட்டது. ஆயினும் பக்கவாதம் உறுதியாகக் குறைந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு கிட்டவில்லை என 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

குடும்பக் கணக்கில் எழுத வேண்டியவை

எந்தப் பரிசோதனைத் தொகுப்புக்கும் பணம் செலுத்தும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். என் வயதுக்கும் பழக்கத்துக்கும் இச்சோதனை தேவையா? இதனால் இறப்பு குறைந்ததென ஆய்வு உண்டா? முடிவு ஐயத்துக்குரியதாக வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

முப்பது வயது கடந்தோருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய ஐந்துக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்கண்டறிதல் திட்டம் உள்ளது. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போர், மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு வரம்புக்குள், முன்தடுப்புப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். இதை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் செல்லும். அறிகுறி தோன்றிவிட்டவருக்கோ இந்த ஆராய்ச்சிகள் எதுவும் தடையாகலாகாது. வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் அடுத்த சலுகைத் தொகுப்புக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த அம்மையாரின் கேள்விக்கு இன்று நம்மிடம் விடை உண்டு. விலையுயர்ந்த சோதனை எதுவும் தேவைப்பட்டிராது. பழகிய ஒருவர் அவருடைய கணவரின் வாயைச் சில நிமிடம் வெளிச்சத்தில் பார்த்திருந்தால், தப்பும் வாய்ப்பு கூடியிருக்கும். அவருக்குச் சொல்லத் தவறியதை, புகையிலைப் பழக்கமுள்ள ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்காவது சொல்லிவிடுவோம் என்றே இதை எழுதினோம்.