மின்கலம் தேய்ந்தால் பேசியையே எறிய வேண்டுமா?

திறன்பேசியின் மின்கலம் திடீரெனச் செயலிழப்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலத்தின் இயல்பு அது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுகின்றன, பயன்படுத்தும்போது வெளியேறுகின்றன. இந்தப் போக்குவரத்தில் சில அயனிகள் பக்க வினைகளில் சிக்கி, மீளாமல் போகின்றன.

இந்த இழப்பை விரைவுபடுத்துபவை வெப்பமும், முழு மின்னேற்றத்தில் நெடுநேரம் நீடிப்பதும். எனவே, தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் மின்னேற்றுவதையும், வெயிலில் நிற்கும் காருக்குள் பேசியை விட்டுச்செல்வதையும் தவிர்க்க வேண்டும். மின்னளவை 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. முற்றிலும் தீர்ந்த பிறகே மின்னேற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்களுக்கான அறிவுரை. லித்தியத்துக்கு அது கேடு.

ஆனால், பொறுப்பு முழுவதையும் பயனாளர் தலையில் சுமத்துவது நியாயமன்று என்பேன். வங்கிக் கணக்கு முதல் அரசுச் சேவைகள்வரை கடவுச்சொல் வந்துசேரும் கருவி இது. பேசி நன்றாக இருந்தும், பசையிட்டு ஒட்டிய மின்கலம் தேய்ந்ததால் புதியது வாங்க நேர்வது ஏழைக்குத் தண்டனை.

800 மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பின்னரும் 80 விழுக்காடு கொள்திறன் எஞ்ச வேண்டும் என்னும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு விதிகள், கழிவான மின்கலத்துக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. கழிவாவதைத் தள்ளிப்போடும் பொறுப்பையும் அவர்களிடமே சட்டம் ஒப்படைக்க வேண்டும்.