ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர்

ஜான் பி. ஹிக்கின்ஸ் (செப்டம்பர் 18, 1939 – டிசம்பர் 7, 1984) கருநாடக இசைக் கச்சேரிகள் செய்த அமெரிக்கப் பாடகர், இசை ஆய்வாளர். தமிழ்நாட்டு ரசிகர்கள் இவரை 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே அழைத்தனர். வெள்ளைக்காரர் பாடுகிறாரே என்ற வியப்பில் கொடுத்த பெயர் என்று இதை எண்ணிவிடக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் ஒரு கச்சேரியோடு கலைந்துவிடும். இவருடைய பதிவுகளையோ இன்றும் தேடிக் கேட்கிறார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் நகரில் பிறந்தவர். தந்தை ஆங்கில ஆசிரியர், தாய் இசை ஆசிரியை. கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பேராசிரியர் ராபர்ட் பிரவுன், மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதன் ஆகியோர் வழியாகக் கருநாடக இசை அவருக்கு அறிமுகமாயிற்று. 1964-இல் புல்பிரைட் உதவித்தொகை பெற்று இந்தியா வந்தார்.

சென்னையில் அவருக்குக் குருவாக அமைந்தவர் ரங்கநாதனின் சகோதரர், புல்லாங்குழல் வித்துவான் தி. விசுவநாதன். நாட்டியக் கலைஞர் பாலசரசுவதி இவர்களின் சகோதரி. மூவரும் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள். குழல் வித்துவானிடம் வாய்ப்பாட்டு கற்பதா என்று தோன்றலாம். விசுவநாதன் கச்சேரியின் நடுவே குழலைக் கீழே வைத்துவிட்டுத் தாமே பாடக்கூடியவர்.

ஹிக்கின்ஸ் கடக்க வேண்டியிருந்த தடைகள் இரண்டு. முதலாவது, கமகம். மேற்கத்திய முறையில் பயின்ற குரல் ஒவ்வொரு சுரத்திலும் நேராக நிற்கப் பழகியிருக்கும். தோடி ராகத்துக் காந்தாரமோ நின்ற இடத்தில் நிற்பதில்லை. அது அசைந்தால்தான் தோடி. இரண்டாவது, உச்சரிப்பு. தெலுங்கு, தமிழ், கன்னடம், சமஸ்கிருதம் ஆகியவற்றில் உள்ள பாடல்களை, 'த'வும் 'ட'வும், 'ல'வும் 'ள'வும் குழம்பாமல் பாட வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடு புரியும்: தொண்டையிலிருந்து எழும் அந்த ரகரம் நாவுக்குப் பழகவே பல நாள் பிடிக்கிறது. அது ஒரே ஓர் எழுத்து!

இந்தியா வந்த சிறிது காலத்திலேயே திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பாடி நல்ல பெயர் பெற்றார். சாகித்தியம் அறிந்த ரசிகர்கள் நிறைந்த சபை அது. ஒரு சொல் சிதைந்தாலும் உடனே தெரிந்துவிடும். பாபநாசம் சிவனின் 'கா வா வா' பாடலை இவர் பாடிய பதிவைக் கேட்கும் மாணவர்கள், பாடகர் யாரென்று முதலில் பார்க்காமல் கேட்பது நல்லது.

1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகத்தில், மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978-இல் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

1984 டிசம்பரில், வீட்டு நாயுடன் நடந்துகொண்டிருந்தபோது, குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வண்டி மோதி இறந்தார். அப்போது வயது 45. பரதநாட்டிய இசை பற்றி 1973-இல் முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு, மறைவுக்குப் பின் 1993-இல் நூலாக வெளிவந்தது.