பாறையிலிருந்து வரும் நஞ்சுக்கு யார் பொறுப்பு?

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம் புளோரைடு இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் அதைவிட அதிகமாக இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் வரையறை. இந்த எண்கள் ஆய்வகத் தாளில் இருக்கின்றன. குடத்தைத் தூக்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. இந்த அளவிலுள்ள புளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. விஷயம் தெரியவரும்போது, “மண்ணின் குணம் அது, யாரைக் கேட்பது?” என்ற பேச்சோடு முடிந்துபோகிறது. அந்தப் பேச்சு தவறு. புளோரைடு இயற்கையாக வருகிறது என்பது உண்மைதான். அதை மக்கள் குடிக்க நேர்வது இயற்கையின் செயல் அல்ல.

முதலில் அது எப்படி வருகிறது என்று பார்ப்போம். மழைத்துளி இறங்கும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து வெளியிடும் அதே வாயு வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மண்ணைக் கடந்து இறங்கும் நீரின் அமிலம் இன்னும் கூடுகிறது. அந்த நீர் கருங்கல் பாறையின் வெடிப்புகளில் தங்கி, கனிமங்களைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. கரைக்கும்போது அமிலத்தன்மை தீர்ந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த காரநீராக மாறுகிறது. கருமைக்கா, ஹார்ன்பிளெண்ட், அப்பட்டைட் ஆகிய கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. காரநீரிலுள்ள ஹைட்ராக்சைடு அயனியும் புளோரைடும் அளவிலும் மின்னூட்டத்திலும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஹைட்ராக்சைடு கனிமத்துக்குள் புகுந்துகொள்ள, புளோரைடு தண்ணீருக்கு வந்துவிடுகிறது. நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படிய வைத்திருக்கும். ஆனால் பைகார்பனேட் மிகுந்த நீரில் கால்சியம் முன்னதாகவே சுக்கான்கல்லாகப் படிந்து போய்விடுகிறது. புளோரைடைத் தடுக்க ஆளில்லை. சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்று வீட்டில் விரும்பப்படும் மென்னீர் பல இடங்களில் இந்த வகை நீராகவே இருக்கிறது. நாக்கையும் கண்ணையும் நம்பித் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது இங்கே ஆபத்து.

“எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊர்த் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஊர் அதேதான், தண்ணீர் வேறு. அவர்கள் பெரும்பாலும் ஏரியிலும் ஊருணியிலும் ஆழமில்லாத கேணியிலும் எடுத்தது அண்மையில் பெய்த மழைநீர். இன்று பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டார் இழுப்பது, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர். பழைய கேணிகள் எல்லாமே பாதுகாப்பானவை என்று சொல்லிவிட முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் புளோரைடு நோய் பற்றி மருத்துவர்கள் 1937இலேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க இன்னும் ஆழமாகத் துளைப்பது இந்தப் பகுதிகளில் தீர்வாகாது, பல நேரம் சிக்கலைக் கூட்டும்.

பாறையில் நடந்த அதே இடமாற்றம் உடலில் தலைகீழாக நடக்கிறது. நம் பல்லும் எலும்பும் அப்பட்டைட் இனத்துக் கனிமம்தான். குடிநீரிலிருந்து வந்த புளோரைடு அங்கே ஹைட்ராக்சைடின் இடத்தைப் பிடிக்கிறது. சிறிய அளவில் அது பற்சிதைவைத் தடுக்கும். அதனால்தான் பற்பசையில் சேர்க்கிறார்கள். 1.5ஐத் தாண்டிய நீரை, நிலையான பற்கள் உருவாகும் எட்டு வயது வரையான காலத்தில் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால் பல்லின் குறுக்கே சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகள் விழுகின்றன, பின்னர் மஞ்சளாகிப் பழுப்பாகின்றன. இடப்பக்கப் பல்லிலும் வலப்பக்கப் பல்லிலும் கறை ஒரே மட்டத்தில் இருக்கும், துலக்கினாலும் போகாது. வெற்றிலைக் கறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குக் கழுத்தும் முதுகும் விறைக்கின்றன. 10ஐக் கடந்தால் உடல் முடங்கும் நிலைகூட வரலாம். இதை வயதின் வாதம் என்று எண்ணி வலி மாத்திரையோடு காலம் தள்ளுகிறவர்கள் பலர். வெயிலில் கல் உடைத்தும் களை எடுத்தும் நாளுக்கு ஐந்து லிட்டர் குடிக்கிறவருக்கு, இரண்டு லிட்டர் குடிக்கிறவரைவிட இரண்டரை மடங்கு புளோரைடு சேர்கிறது. பாலும் கீரையும் வாங்க வழியில்லாமல் கால்சியம் குறைந்த உடலில் அதன் கேடு இன்னும் அதிகம். ஒரே குழாயில் பிடித்தாலும் ஏழைக்குத்தான் பாதிப்பு கூடுதல்.

பாறைதானே காரணம், அரசு என்ன செய்யும் என்ற வாதத்துக்கு வருவோம். ஆலைக் கழிவு என்றால் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி குற்றவாளியைக் காட்டலாம். பாறை மீது வழக்குப் போட முடியாது. ஆனால் குடிநீர் உரிமை குற்றவாளி இருந்தால்தான் பிறக்கும் என்பதில்லை. வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் மாசற்ற நீரும் காற்றும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதை 47ஆம் பிரிவு அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்றாக வைக்கிறது. நஞ்சு இருப்பது தெரிந்தும் அந்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது மனிதர் எடுக்கும் முடிவு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே இந்தப் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. ஆனால் திட்டம் வந்துவிட்டதால் சிக்கல் தீர்ந்தது என்றாகாது. காவிரி நீர் குறையும் நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்தால் புளோரைடு மீண்டும் வீட்டுக்குள் வந்துவிடும்.

வசதியுள்ளவர்கள் ஆர்.ஓ. இயந்திரம் வாங்குகிறார்கள். அது புளோரைடைப் பெருமளவு நீக்குகிறது, ஆனால் வெளியேற்றும் கழிவு நீரில் அதே புளோரைடு செறிந்திருக்கும்; சவ்வை உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் பயனும் இல்லை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை மலிவானது, அளவு பிசகாமல் செய்தால்தான் பலன். கொதிக்க வைப்பது கிருமியைத்தான் கொல்லும். நீர் ஆவியாகி மிஞ்சுவதில் புளோரைடு செறிவு இன்னும் கூடும். பாறையைத் தொடாத கூரை மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு. சுத்தமாகப் பிடித்துச் சேமித்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது அது உதவும். குளிப்பதற்கும் துவைப்பதற்கும் புளோரைடு நீரால் கேடில்லை.

உங்கள் ஊர்க் குழாயின் அளவு தெரியாவிட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுங்கள். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய பரிசோதனை முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில், அளவு மீறிய குழாய்க்குச் சிவப்பு வண்ணம் அடிக்கவும், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் முதலில் மாற்று நீர் தரவும் தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. கறை படிந்த பல்லைப் பழையபடி ஆக்க முடியாது, விறைத்த முதுகை நிமிர்த்த மருந்தும் இல்லை. ஊரில் எட்டு வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தை இருந்தாலும், பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.