ஒரு தெரு, இரண்டு மணி

கடிகாரம் காட்டும் நேரம் கதிரவன் வகுத்தது என்றே நாம் பெரும்பாலும் எண்ணியிருக்கிறோம். அதை வகுப்பது அரசாங்கமே என்பதற்கு ஆப்பிரிக்காவில் துண்டுமா, நகொண்டே என்னும் இரண்டு ஊர்கள் சான்றாக விளங்குகின்றன.

துண்டுமா டான்ஸானியாவைச் சேர்ந்தது. நகொண்டே ஜாம்பியாவைச் சேர்ந்தது. ஊரோடு ஊர் ஒட்டியிருக்க, எல்லைக்கோடு நடுவே செல்கிறது. துண்டுமாவில் காலை 8 மணி ஆகும்போது நகொண்டேயில் 7 மணிதான். டான்ஸானியா கிரீன்விச்சுக்கு 3 மணி நேரமும், ஜாம்பியா 2 மணி நேரமும் முந்தியிருப்பதே காரணம்.

கதிரவன் யார் பக்கம்? இவ்வூர்கள் கிழக்குத் தீர்க்கரேகை 33 பாகையை ஒட்டியுள்ளன. 15 பாகைக்கு ஒரு மணி என்ற கணக்குப்படி, நகொண்டேயின் கடிகாரமே சூரியனுக்கு நெருங்கியது. துண்டுமாவின் கடிகாரமோ ஏறக்குறைய 50 நிமிஷம் முந்தி ஓடுகிறது. கிழக்கே கடலோரத்துத் தார் எஸ் சலாமுக்கு வைத்த நேரமே மேற்கெல்லைக்கும் வைக்கப்பட்டதன் விளைவு இது.

இரு புறத்திலும் நியாம்வங்கா மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். ஷில்லிங்கும் குவாச்சாவும் கைமாறுகின்றன. ஆனால் நகொண்டேயிலுள்ள சிறு வியாபாரி தம் கடிகாரப்படி மாலை 4 மணிக்கு எல்லை தாண்டினால், அங்கே 5 ஆகியிருக்கும். 5 மணிக்கு மூடும் அலுவலகம் அவருக்காகக் காத்திராது. அன்றைய பிழைப்பு மறுநாளுக்குத் தள்ளிப்போகும். கைபேசியையும் முழுதும் நம்புவதற்கில்லை. அது எந்த நாட்டுக் கோபுரத்தைப் பற்றுகிறதோ, அந்நாட்டு நேரத்தைக் காட்டிவிடக் கூடும். 2019-ல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ்ச் சோதனை நடத்தும் ஏற்பாடு வந்தது. தாமிரம் ஏற்றிய லாரிகளுக்கு அது உதவி. எனினும் மணி இரண்டாகவே இருக்கிறது.

இருப்புப்பாதையில் ஊழியம் புரியும் நமக்கு இன்னொரு விந்தையும் புலப்படும். 1965-ல் ரொடீஷியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தபின், கடற்கரையற்ற ஜாம்பியா தன் தாமிரத்துக்கு வேறு வழி தேடிற்று. சீனாவின் கடனுதவியால் 1970-ல் தொடங்கி 1975-ல் முடிந்த 1,860 கிலோமீட்டர் பாதை இவ்வெல்லையைக் கடக்கிறது. துண்டுமாவில் மாலை 6 மணிக்குப் புறப்படும் வண்டி கால் மணியில் நகொண்டேயை அடைந்தால், அங்கே மணி 5.15! புறப்பட்ட நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்ததாகவன்றோ அட்டவணை சொல்லும்?

ஸ்வாஹிலி மொழியினரின் பழக்கம் இன்னும் சுவையானது. அவர்கள் பகலை விடியலிலிருந்து எண்ணுகின்றனர். நமது காலை 7 மணி அவர்களுக்கு ‘முதல் மணி’. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணும் பஞ்சாங்கத்தை அறிந்த நமக்கு இது அயலான வழக்கன்று.

இந்தியாவில் 1906 ஜனவரி 1 முதல் பொது நேரம் நடப்புக்கு வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் அதன்பின்னும் பல ஆண்டுகள் தத்தம் நேரத்தையே போற்றின. இன்று நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், ஊரிலுள்ள பெற்றோரை அழைக்குமுன் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. அதன் அருமையை, தெருவின் மறுபுறத்து உறவினர் வீட்டுக்குச் செல்லவும் கணக்குப் பார்க்கும் துண்டுமா, நகொண்டே மக்களே நமக்கு உணர்த்துகின்றனர்.