மூத்த சிஸ்டருக்கு எதற்கு நைட் டூட்டி?

மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அமைப்பு. மாநிலத்தின் நர்ஸுகள் பதிவு செய்வது இங்கேதான். வெளிநாட்டு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கும் இங்கேதான் வர வேண்டும். இளையவர்கள் பலர் கிளம்பிப் போக, மூத்தவர்கள் வார்டில் இன்னும் நிற்கிறார்கள். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 என்று உயர்ந்தது. உலகம் முழுவதிலும் ஆறில் ஒரு நர்ஸ் பத்தாண்டுகளுக்குள் ஓய்வு பெறுவார் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கணித்தது.

வயது எங்கே வலிக்கிறது? முதலில் முதுகில். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வருடங்கள் போகப்போக நீர்ச்சத்தை இழக்க, அதிர்வைத் தாங்கும் திறன் குறைகிறது. நோயாளியைக் கையால் தூக்க ஒருவருக்கு ஏறக்குறைய 16 கிலோதான் வரம்பு என்று அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு 2007-ல் சொன்னது. 60 கிலோ நோயாளியை இருவர் தூக்கினாலே ஆளுக்கு 30 கிலோ!

அடுத்தது இரவு. மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள உயிர்க்கடிகாரம், வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது. வயது ஏற ஏற அது சீக்கிரம் உறங்கி சீக்கிரம் விழிக்கும் பக்கம் சாய்கிறது. பகல் தூக்கம் ஆழமாக வருவதில்லை. அதனால் நைட் டூட்டியிலிருந்து மீள அதிக நாள் பிடிக்கிறது. இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும் 2019-லும் வகைப்படுத்தியது.

ஆனால் வயதோடு வளரும் திறமை ஒன்று இருக்கிறது. “இந்த பெட் பேஷண்ட் சரியில்லை டாக்டர்” என்று, ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே ஒரு சிஸ்டர் சொல்வது வெறும் உள்ளுணர்வு அல்ல. முகத்தின் நிறம், லேசான பதற்றம், மூச்சின் வேகம் ஆகியவற்றை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பார்த்துப் பழகிய மூளை, சேர்த்துப் படிக்கிறது. அனுபவ நர்ஸின் இந்தக் கூர்மையை நர்சிங் ஆய்வாளர் பாட்ரிஷியா பென்னர் 1984-ல் விரிவாக எழுதினார். நர்ஸின் கவலையை நோய் முற்றுவதற்கான முன்னறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம் என்று டச்சு ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள்.

தமிழக அரசுக்கும் இந்த அனுபவத்தின் மதிப்பு தெரியும்: 2020 மார்ச் 31-ல் ஓய்வு பெறவிருந்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் கொரோனாவுக்காக இரண்டு மாதம் நிறுத்திக்கொண்டது. அவசரத்துக்கு மட்டும் கூப்பிட்டால் போதாது. நோயாளியைத் தூக்கும் கருவியும் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பும் வாங்குங்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவரை நைட் ரோஸ்டரிலிருந்து எடுத்துவிட்டு, காலை ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணோடு போடுங்கள். நோயாளியின் மூச்சை ஒரு முழு நிமிடம் நின்று எண்ணுவது எப்படி என்று அவர் கற்றுத் தரட்டும்.