மழையே இல்லாத இடத்தில் தண்ணீர் செய்த பாலம்!



சமூக அறிவியல் வகுப்பில் புறச்செயல்முறைகள் பாடம் நடந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், பாலைவனத்துல மழையே பெய்யாதே, அங்க எப்படி தண்ணி பாறையை அரிக்கும்?" எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தேடியபோது கிடைத்த ஒரு இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் அங்கே போனதில்லை. படித்ததையும் படங்களில் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரணப் பள்ளத்தாக்கு என்று ஒரு பாலைவனம் இருக்கிறது. ஆங்கிலத்தில் டெத் வேலி. பெயரே பயமாக இருக்கிறது அல்லவா? 1849-ல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய ஒரு கூட்டம் குறுக்கு வழி என்று நினைத்து இதற்குள் வந்து மாட்டிக்கொண்டது. தப்பிப் போனவர்கள் வைத்த பெயர் இது. ஆனால் அவர்கள் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பிருந்தே டிம்பிஷா ஷோஷோனி என்ற பழங்குடி மக்கள் அங்கேயே வாழ்ந்து வருகிறார்கள். கோடையில் மலை மேலே குளிர்ச்சியான இடத்துக்குப் போய்விடுவார்கள், குளிர்காலத்தில் கீழே இறங்கி வருவார்கள். டிம்பிஷா என்றால் அங்கே கிடைக்கும் செங்காவி மண்ணைக் குறிக்கும் சொல்லாம். ஒரே இடம், ஒருத்தருக்குச் சாவு, இன்னொருத்தருக்குச் சொந்த ஊர்! 2000-ஆம் ஆண்டில்தான் ஒரு சட்டம் போட்டு அவர்களுக்கு அங்கே நிலம் கொடுத்தார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. பேட்வாட்டர் என்ற இடம் 86 மீட்டர் கீழே. வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம் அதுதான். பசிபிக் கடலிலிருந்து வரும் காற்று சியரா நெவாடா மலையையும் இன்னும் சில மலைகளையும் ஏறித் தாண்டும்போதே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இங்கே வந்து சேர்வது வெறும் காற்று. பாடத்தில் படித்தோமே, மழை மறைவுப் பகுதி, அதேதான். வருஷம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 55 மில்லிமீட்டர் மழை. சென்னையில் வருஷத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். வெயிலோ, 1913 ஜூலை 10-ல் இங்கே உள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் கணக்கில் அதுதான் முதல் இடம்.

சரி, பாலத்துக்கு வருவோம்.

பேட்வாட்டர் போகும் தார் ரோட்டிலிருந்து ஒரு மண் ரோடு மலை ஓரமாகப் பிரிந்து போகிறது. அது முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அங்கே நின்று பார்த்தால் பாலம் எதுவும் தெரியாது. மலையில் ஒரு பிளவு மட்டும்தான். அதற்குள் சரளைக் கற்கள் மேல் மெதுவாக ஏறி நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை உயர்ந்து நிற்கும். பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு கிலோமீட்டர்கூட நடக்க வேண்டாம், ஒரு வளைவு தாண்டியதும் தலைக்கு மேலே பாலம்! இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே பாறை, சுமார் 50 அடி உயரத்தில். ஒரு நெட்டைத் தென்னை உயரம் வரும். கொத்தனாரும் இல்லை, சித்தாளும் இல்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது ஒரே கல் கிடையாது. கூழாங்கல், சரளை, மண் எல்லாம் சேர்ந்து கெட்டிப்பட்டது. கான்கிரீட் போட்ட மாதிரி இருக்கும். மலையிலிருந்து பழைய வெள்ளங்கள் அடித்துக்கொண்டு வந்து விசிறி மாதிரி பரப்பிய கற்கள் அவை. (பாடத்தில் வண்டல் விசிறி என்று படம் இருக்கிறது, பாருங்கள்.)

அதில் ஓட்டை எப்படி விழுந்தது? இது எனக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம் எங்கள் வயல் வரப்பு ஞாபகம் வந்தது. வரப்பில் எலி வளை வைத்துவிடும். தண்ணீர் பாய்ச்சும்போது அந்தச் சின்ன ஓட்டை வழியாக நீர் ஒழுக ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் அடி மண் கரைந்து ஓட்டை பெரிதாகும். ஆனால் மேலே இருக்கும் மண் உடனே விழாது, பாலம் மாதிரி நிற்கும். நாம் தெரியாமல் அதன் மேல் நடந்துவிடுவோம், தொபுக்கென்று கால் உள்ளே போகும்!

இங்கேயும் அதேதான். எலிக்குப் பதில் வெள்ளம். முன்பு காட்டாறு இந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டுதான் ஓடியது. அந்த வளைவில் ஒவ்வொரு வெள்ளமும் கற்களோடு வந்து பாறையின் அடியில் மோதி மோதிக் குடைந்தது. ஒரு நாள் அடி ஓட்டையாகி நேர் வழி கிடைத்துவிட்டது. அப்புறம் ஆறு எதற்குச் சுற்றிப் போகும்? ஆறு விட்டுவிட்டுப் போன பழைய பாதையைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் பார்க்கலாமாம்.

இப்போது கடைசி பெஞ்ச் கேள்விக்கு வருகிறேன். மழை அங்கே பெய்யாமல் இல்லை, எப்போதாவது பெய்கிறது. பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது. 2023 ஆகஸ்ட் 20-ல் ஹிலாரி புயலால் ஒரே நாளில் ஒரு வருஷ மழை கொட்டியது. ரோடெல்லாம் அறுத்துக்கொண்டு போய், அந்தப் பூங்காவையே ஏறக்குறைய இரண்டு மாதம் மூடி வைத்தார்கள். புல், செடி இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அங்கேதான் வெறும் பாறையும் காய்ந்த மண்ணும் ஆயிற்றே. விழுந்த தண்ணீர் முழுதும் பிளவுகளில் பாய்கிறது. நாம் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கும், மழை தூரத்து மலையில் பெய்திருக்கும், வெள்ளம் இங்கே வரும்! அதனால்தான் மழை வரும் என்று சொன்னால் இந்த மாதிரி பிளவுகளுக்குள் போகக் கூடாது என்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பாதையைச் 'சுலபமான நடை' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். தூரத்தை வைத்துப் பார்த்தால் சரிதான். நாம் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதைவிடக் குறைவு. ஆனால் வெயிலை யாரும் கிலோமீட்டரில் அளக்க முடியாதே? இதே பள்ளத்தாக்கில் கோல்டன் கேன்யன் என்று இன்னொரு பிளவு இருக்கிறது. அதுவும் பலர் போகும் பாதைதான். 2023 ஜூலையில் அங்கே நடந்துவிட்டு வந்த ஒரு முதியவர் பாதை தொடங்கும் இடத்திலேயே விழுந்து இறந்துபோனார். அவரைக் கொண்டுபோக ஹெலிகாப்டரைக் கூப்பிட்டும் அது வர முடியவில்லை. காற்று ரொம்பச் சூடானால் அடர்த்தி குறைந்துவிடும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி தூரம் என்றால் புரிகிறது, காற்றே தூக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது?

அந்த வெயிலில் வியர்ப்பதும் தெரியாதாம். காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்ததும் காய்ந்துவிடும். சட்டை நனையாததால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று நினைத்துக்கொள்வோம், உடம்பில் தண்ணீர் தீர்ந்துகொண்டே இருக்கும். பாறைச் சுவர்களும் சாயங்காலம் மொட்டை மாடி அடிப்பது போல அனல் அடிக்கும். அதனால் கோடையில் காலை 10 மணிக்கு மேல் பள்ளத்தாக்கின் தாழ்வான இடங்களில் நடக்க வேண்டாம் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் விதி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீராவது வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

பாலத்தைத் தாண்டியும் கொஞ்ச தூரம் போகலாம். சுவர்களில் மெழுகுவர்த்தி உருகி வழிந்த மாதிரி சேறு வழிந்து காய்ந்திருக்கும். சறுக்குமரம் போல வழவழப்பான பள்ளங்கள் இருக்கும். கடைசியில் தண்ணீர் இல்லாத ஒரு அருவி! வெறும் பாறைதான், வழி அதோடு அடைத்துவிடும்.

அந்தப் பாலமும் என்றைக்காவது ஒரு வெள்ளத்தில் விழத்தான் போகிறது. எந்த மழையில் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வரப்பில் இருந்தது போன ஐப்பசியில் விழுந்துவிட்டது. இப்போது எலி புதிதாக இன்னொரு வளை வைத்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரிவதற்குள் பார்க்க வேண்டும் என்றால், அடுத்த தடவை தண்ணீர் பாய்ச்சும் அன்றைக்கு வாங்க, காட்டுகிறேன்.